அத்தையின் பத்து நிமிஷம்

தராசில் இரண்டு கிராம் பிசகினாலும் கடைக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள் அவன். எடைக் கருவிகளைச் சோதித்து முத்திரை வைக்கிற வேலை. மரப்பெட்டியில் பித்தளைப் படிக்கற்களை அடுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவான். டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்க மாட்டான், சிரித்துப் பேசினாலும் மசிய மாட்டான். அதனால் அவனுக்குப் பெயரே ‘தராசு’ என்று ஆகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோனது.

மாலை ஆறு மணிக்குமேல் அவன் வேறு ஆள். டயர் கிடங்குக்குப் பின்னால் இருந்த நீளமான தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, கெட்டில்பெல் தூக்கக் கற்றுக்கொடுத்தான். அது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. கால்களுக்கு நடுவிலிருந்து வீசி, ஒரே மூச்சில் தலைக்குமேல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். போட்டியென்றால் பத்து நிமிடம். நடுவில் ஒரே ஒருமுறை கை மாற்றிக்கொள்ளலாம், கீழே மட்டும் வைக்கக்கூடாது. வைத்தால் ஆட்டம் முடிந்தது. மேலே போன குண்டு ஒரு கண் இமைப்பு நேரமாவது அசையாமல் நிற்க வேண்டும், முழங்கை நிமிர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நடுவர் ஒன்று என்று எண்ணுவார். இல்லையென்றால் இல்லை.

அந்த ‘இல்லை’யைச் சொல்வதில் தராசுக்கு இணை தராசுதான். முழங்கை ஒரு விரல்கடை மடங்கியிருந்தாலும் போதும், ‘இல்லை’ என்று அவன் போடுகிற சத்தம் முன்னால் டயர் கிடங்கு வரைக்கும் கேட்கும். பதினாலு பேர் அவனிடம் படித்தார்கள். பதினாலு பேரும் அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒழுங்காகத் தூக்கக் கற்றுக்கொண்டார்கள். பதினைந்தாவது ஆளாக மாமியார் வந்து சேர்ந்தார். அன்றைக்குப் பிடித்தது அவனுக்குச் சனி.

இத்தனைக்கும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவன்தான். மாமியாருக்கு ஐம்பத்தாறு வயது. ஆஸ்பத்திரித் துணி அறையில் இருபத்தெட்டு வருடமாக வேலை. சலவையிலிருந்து வருகிற விரிப்புகளையும் உறைகளையும் கட்டுக்கட்டாக அடுக்கி, வார்டு வார்டாக அனுப்புவார். எலும்பு கொஞ்சம் மெலிந்து வருகிறது, ஏதாவது எடை தூக்கிப் பழகுங்கள் என்று டாக்டர் சொன்னதாக ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். அவ்வளவுதான். “நம்ம கொட்டகைக்கே வாங்களேன் அத்தை, நானே சொல்லித் தர்றேன்” என்றான் தராசு. அது ஒரு மரியாதைக்குச் சொன்னது. மரியாதைக்குச் சொன்னதை மரியாதையாக மறுத்துவிடுவார் என்று நம்பியிருந்தான். மறுநாள் சரியாக ஆறு மணிக்கு, புதுக் காலணியும் கழுத்தில் துண்டுமாக மாமியார் கொட்டகை வாசலில் நின்றார்.

பயிற்சியாளன் கத்தியே ஆகவேண்டும். மருமகன் கத்தவே கூடாது. இரண்டையும் ஒரே ஆள் செய்வது எப்படி என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. மற்றவர்களிடம் ‘முட்டியை மடக்கு’ என்று இரண்டு வார்த்தையில் முடிக்கிறவன், மாமியாரிடம், “ஒண்ணுமில்லை அத்தை, சிரமம் இல்லைன்னா முட்டியைக் கொஞ்சம் மடக்கினீங்கன்னா இடுப்புக்கு நல்லா இருக்கும்” என்று ஆரம்பிப்பான். அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் மூன்று முறை தூக்கி முடித்திருப்பார். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இரண்டே வாரத்தில் பதினாலு பேரும் அவனை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

முதன்முதலாக அவர் எட்டுக் கிலோ குண்டைத் தலைக்குமேல் கொண்டுபோன நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. முழங்கை நிமிரவேயில்லை. குண்டு மேலே நிற்கவும் இல்லை, போன வேகத்தில் இறங்கிவிட்டது. ‘இல்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தான். எதிரே, மூச்சு வாங்க, வியர்வை வழிய, “சரியா மாப்பிள்ளை?” என்று கேட்கிற மாதிரி ஒரு முகம். கல்யாணமான புதிதில் அவன் வேலையில்லாமல் அலைந்த ஆறு மாதமும் ஒரு சொல் சொல்லாமல் சோறு போட்ட முகம் அது. திறந்த வாயிலிருந்து “ஒண்ணு” என்று வந்தது. ஒன்று வந்தபின் இரண்டு வருவதற்கு என்ன தடை. அப்படியே மூன்று, நான்கு என்று நான்கு மாதம் ஓடிவிட்டது.

மாமியாருக்கு மூச்சு நன்றாக இருந்தது, கால் நன்றாக இருந்தது, பிடிவாதம் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. பத்து நிமிடம் குண்டைக் கீழே வைக்காமல் தூக்கவும் பழகிவிட்டார். அவன் எண்ணிய கணக்குப்படி நூற்றுப் பதினெட்டு. அந்த நேரத்தில்தான் போட்டி அறிவிப்பு வந்தது. அவருடைய வயதுக்கும் எடைக்கும் பத்து நிமிடத்தில் நூறு எண்ணிக்கை வந்தால் மூன்றாம் நிலைச் சான்றிதழ். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை அவர் இரண்டு முறை படித்தார்.

“நான் போகலாமா மாப்பிள்ளை? எனக்கு நூத்திப் பதினெட்டு வருதில்ல?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தராசு மென்று விழுங்கினான். தாராளமாகப் போகலாம் என்று சொல்லித் தொலைத்தான். மாமியார் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மூன்று பெண்களைப் படிக்கவைத்து, மூன்று பட்டங்களைக் கண்ணாடி போட்டு மாட்டியவர். அவர் பெயர் போட்டு இதுவரை வந்த காகிதமெல்லாம் சம்பளச் சீட்டும் மருந்துச் சீட்டும்தான். மேடையேறி ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும் என்று அவருக்கு இருந்த ஆசை, விண்ணப்பத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பெயரை எழுதிய விதத்திலேயே தெரிந்தது. மறுநாளே துணி அறை, சலவை அறை, மின்தூக்கி இயக்குகிறவர், தலைமை நர்ஸ் என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டார். இனி பின்வாங்க வழியில்லை.

போட்டிக்கு ஆறு வாரம் முன்பு குட்டு வெளிப்பட ஒரு சந்தர்ப்பம் வந்தது. வெளியூரில் லாரி எடை மேடை ஒன்று பழுதாகி, தராசு போக வேண்டியதாயிற்று. அன்று மாலை வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி பல் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போனான். பல் டாக்டர் அவனிடமே படித்து, நடுவர் தேர்வும் எழுதித் தேறியவள். அவளுக்கு மாமியாரும் ஒன்றுதான், மற்றவரும் ஒன்றுதான். எண்ணினாள். நாற்பத்து நாலு.

மறுநாள் காலையில் மாமியார் இதை ஒரு வேடிக்கை மாதிரிச் சொன்னார். பாவம், அந்தப் பொண்ணுக்கு எண்ணத் தெரியவில்லை, ஒன்று விட்டு ஒன்று எண்ணுகிறாள், பல்லை எப்படி எண்ணுகிறாளோ என்றார். மகள், அதாவது தராசின் மனைவி, விழுந்து விழுந்து சிரித்தாள். தராசுக்கு டீ புரையேறியது. வெளியே வந்து பல் டாக்டருக்கு போன் போட்டான். நாற்பத்து நாலே தாராளமாக எண்ணியது என்றாள் அவள். அம்மாவுக்குப் பலம் இருக்கிறது, மேலே நிறுத்துவதுதான் கிடையாது, இதை நீங்கள் இத்தனை நாள் கவனிக்கவில்லையா என்று கேட்டாள். அவன் டவர் சரியில்லை, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டான். தள்ளிப்போடுகிற மனிதனுக்குக் காரணமா கிடைக்காது. இன்றைக்கு அத்தைக்குத் தலைவலி, நாளைக்கு மாமனார் பிறந்தநாள், அதற்கு அடுத்த நாள் மழை. நடுவில், போட்டி நடுவர் கொஞ்சம் இளகின மனசுக்காரராக இருந்தால் தப்பித்துவிடலாமே என்றுகூட ஒரு நப்பாசை வந்தது. வந்ததற்கு அவனே வெட்கப்பட்டான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பழக்கடையில் எடைக் கருவியைச் சோதித்தான். கிலோவுக்கு முப்பது கிராம் குறைத்துக் காட்டியது. அதாவது வாங்குகிறவருக்கு முப்பது கிராம் கூடவே போனது. முத்திரை வைக்க முடியாது என்றான். கடைக்கார அம்மா, “நஷ்டம் எனக்குத்தானே தம்பி, வாங்குறவங்க சந்தோஷமாத்தானே போறாங்க” என்றார். பிரியத்தில் கொடுப்பதாக இருந்தால் எடை போட்ட பிறகு கையால் எடுத்துப் போடுங்கள், தராசு பொய் சொல்லக்கூடாது என்று இவன் நீளமாக உபதேசம் செய்தான். செய்துகொண்டிருக்கும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு நேரே கொட்டகைக்கு வந்தான்.

மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தான். மாமியார் குண்டின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, நான் உங்களுக்குப் பொய்யா எண்ணிட்டேன்.”

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. “எத்தனை பொய்?”

“பாதிக்கு மேல. பல் டாக்டர் சொன்ன நாப்பத்தி நாலுதான் சரி.”

“ஏன்?”

“உங்களைப் பார்த்து இல்லைன்னு சொல்ல வாய் வரலை.”

அவர் துண்டை மடித்தார், பைக்குள் வைத்தார், காலணி நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார், போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். இரண்டு நாள் அவர் கொட்டகைப் பக்கமே வரவில்லை. அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு, ‘மாப்பிள்ளைகிட்ட அவர் குடையை எடுத்துக்கச் சொல்லு’ என்று மகளிடம் சொல்லியனுப்பினார். மகள் கொண்டுவந்தது குடை மட்டுமல்ல. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு நிற்கிற அம்மாவை மேடையில் ஏற்றி மானத்தை வாங்கப் பார்த்தீர்களே, ஊர்த் தராசையெல்லாம் சரிபண்ணத் தெரிகிறது, சொந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா என்று ஒரு பிடி பிடித்தாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

மூன்றாம் நாள் ஆறு மணிக்கு மாமியார் வந்தார். பதினாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, குண்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“என் மூஞ்சிக்காக எண்ணினீங்க. தப்பா நினைச்சுப் பண்ணலை, தெரியுது. ஆனா மேடையில இருக்கறவங்களுக்கு என் மூஞ்சி தெரியாது மாப்பிள்ளை. இன்னிக்கு இருந்து இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. மரியாதையெல்லாம் வீட்டுக்குப் போய்க் குடுத்துக்கலாம்.”

தூக்கினார். முழங்கை மடங்கியிருந்தது. தராசு “இல்லை” என்றான். எலிக்குஞ்சு கத்தியது போல வந்தது.

“கேக்கலை” என்றார்.

“இல்லை!”

டயர் கிடங்கில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குப் பத்து நிமிடத்தில் முப்பத்தொன்று. நாற்பத்து நாலுக்கும் கீழே போய்விட்டது. மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு, முப்பத்தொன்று என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பிறகு, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லப் பழகியாயிற்று. ஆனால் சொல்வதால் மட்டும் குண்டு மேலே நின்றுவிடுமா. ‘நிறுத்துங்க அத்தை’ என்று தொண்டை கிழியக் கத்தினான். அவரும் நிறுத்தத்தான் பார்த்தார், கை கேட்கவில்லை. ஏன் என்று அவனுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு எடை மேடையைச் சோதிக்கப் போனவன், வேலை முடிந்ததும் துணி அறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். நாலு பக்கமும் கூரை வரைக்கும் இரும்பு அடுக்குகள், நடுவில் மாமியார். விரிப்புக் கட்டு ஒன்றை எடுத்தார், தலைக்குமேல் இருந்த தட்டில் வீசினார், அது விழுந்ததா இல்லையா என்று பார்க்காமலே அடுத்ததற்குத் திரும்பிவிட்டார். எடு, வீசு, திரும்பு. இருபத்தெட்டு வருடமாக அந்தக் கை அதைத்தான் செய்திருக்கிறது.

அடடா, இதுதானா என்று திரும்பப் போனவன் நின்றான். இப்போது மாமியார் பச்சை நிறக் கட்டு ஒன்றை எடுத்தார். அதை வீசவில்லை. மேல் தட்டில் கொண்டுபோய் வைத்து, கையை முழுக்க நீட்டி, உள்ளங்கையால் ஒரு கணம் அழுத்திப் பிடித்திருந்துவிட்டுத்தான் கையை எடுத்தார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் விசாரித்தான். அது ஆபரேஷன் தியேட்டர் கட்டாம். கீழே விழுந்தால் திரும்பவும் முதலிலிருந்து நீராவியில் வைத்து எடுக்க வேண்டுமாம். அதனால் அக்கா அதை மட்டும் அப்படித்தான் வைப்பார் என்றாள்.

அன்று மாலை தராசு வேறு எதுவும் சொல்லவில்லை.

“அத்தை, இது தியேட்டர் கட்டு.”

மாமியார் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். குண்டைப் பார்த்தார். வீசினார். மேலே போன கை நிமிர்ந்து, நின்று, ஒரு கணம் இருந்து, அப்புறம் இறங்கியது.

“ஒண்ணு” என்றான் தராசு. இத்தனை மாதத்தில் அவன் அவருக்கு மனசு நிறைந்து சொன்ன முதல் ஒன்று அதுதான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கை வழுக்காமல் பூசுகிற சாக்பீஸ் பொடி பறந்து விழுந்துவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தான்.

அதன்பிறகு எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது. ஐம்பத்தெட்டு, எழுபத்து மூன்று, ஒருநாள் திடீரென்று சறுக்கி அறுபத்தாறு, பிறகு எண்பத்தைந்து. இடது கைதான் சோதித்தது. எட்டாவது நிமிடத்தில் இடது முழங்கை தன்னால் மடங்க ஆரம்பித்துவிடும். போட்டிக்கு நாலு நாள் முன்பு கடைசியாகப் பார்த்தபோது தொண்ணூற்று நாலு. அதற்குமேல் அவரைத் தூக்கவிடாமல் ஓய்வெடுக்கச் சொன்னான். அன்றைய உற்சாகத்தில் ஆறு கூட வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பூசி மெழுகாமல் இதை அப்படியே மாமியாரிடம் சொன்னான். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

போட்டி ஒரு கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. தரையில் ஆறு மேடைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு நடுவர், அவர் கையில் ஒரு பொத்தான். பொத்தானை அமுக்கினால் மேடைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் சிவப்பு எண் ஒன்று கூடும். காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. துணி அறைப் பெண்கள் ஆறு பேர் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். மாமனார் முன்வரிசையில் இடம்பிடித்து உட்கார்ந்து, முப்பத்தைந்து வருடத்தில் என்னை ஒரு நாளும் இவ்வளவு சீக்கிரம் எழுப்பிக் கிளப்பியதில்லை என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் பெருமையும் புகாருமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை. கையில் பொடி பூசிக்கொண்டே இருந்தார். நாலாவது முறை பூசப் போனபோது தராசு டப்பாவை வாங்கி மூடினான். அதிகம் பூசினால் கைப்பிடி வழுக்கும் என்றான்.

“மாப்பிள்ளை, நீங்க எண்ண வேண்டாம். நிமிஷத்தை மட்டும் சொல்லுங்க” என்றார்.

சத்தமாக எண்ண மாட்டேன் என்றான். மனதுக்குள் எண்ணாமல் அவனால் இருக்க முடியாது.

மணி அடித்தது. முதல் நிமிடத்திலேயே மற்ற ஐந்து மேடைகளும் பறந்தன, மாமியார் பறக்கவில்லை. தியேட்டர் கட்டு, தியேட்டர் கட்டு என்று ஒவ்வொன்றாக மேலே வைத்து, அழுத்தி, இறக்கினார். அவருக்கு எதிரே இருந்த நடுவர் நரைத்த தலையும் அகன்ற தோளுமாக, அந்தக் காலத்தில் தானும் தூக்கியவர் என்று பார்த்ததுமே தெரிகிற மனிதர். மூன்றாம் நிமிடத்தில் ஒன்றுக்குக் கையை அசைத்து இல்லை என்றார். மாமியார் அசரவில்லை. ஐந்தாம் நிமிடம் முடிந்து கை மாற்றும்போது பலகையில் ஐம்பத்து மூன்று. தராசு மனதுக்குள் வைத்திருந்ததும் ஐம்பத்து மூன்று.

இடது கை. ஆறாவது, ஏழாவது நிமிடங்களைத் தாக்குப்பிடித்தது. எட்டாவது நிமிடத்தில், அவன் பயந்த மாதிரியே, முழங்கை மடங்கியது. நடுவர் கையைத் தூக்கப் போனார். மாமியாரின் முகத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, நெற்றியிலிருந்து வியர்வை சொட்ட, குண்டைக் கீழே வைக்காமல் நின்ற முகம். தூக்கப் போன கை திரும்பி வந்து பொத்தானை அமுக்கியது.

தராசுக்கு அந்த அமுக்கல் தன் விரலிலேயே பட்டது போல இருந்தது. நன்றாகத் தெரிந்த அமுக்கல்தான், நான்கு மாதம் அவன் செய்தது. ஒன்பதாவது நிமிடத்தில் இன்னும் இரண்டு அப்படிப் போயின. கடைசி நிமிடத்தில் இன்னொன்று. சந்தோஷப்படுவதா, பதறுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. “முப்பது விநாடி, அத்தை” என்றான். பலகையில் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. துணி அறைப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தொண்ணூற்றொன்பது. கடைசி மணிக்கு ஒரு நொடி முன்னால் குண்டு மேலே போய், நிமிர்ந்து, சரியாக நின்றது. நூறு.

அரங்கமே எழுந்து கைதட்டியது. மாமனார் விசிலடித்தார். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் குடும்பத்துக்குத் தெரிந்தது. மகள் அழுதுகொண்டே ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மாமியார் அவளை மெல்ல விலக்கிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். பாதிப் பாட்டிலைக் குடித்தார். மீதியை உள்ளங்கையில் ஊற்றிக் கழுவினார். பிறகு நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார்.

“நீங்க எத்தனை எண்ணினீங்க மாப்பிள்ளை?”

மகள் அம்மாவின் தோளுக்குமேல் கண்ணை உருட்டினாள். வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று அந்தக் கண் சொன்னது. பின்னால் ஒலிபெருக்கியில் சான்றிதழ் பெறுகிறவர்களின் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நூறு என்று சொன்னால் யாருக்கும் ஒரு குறையும் வந்துவிடாது. பலகையே நூறு என்கிறது. இந்த அம்மாள் வாழ்நாளில் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே காகிதம் இருபது அடி தூரத்தில் மேசைமேல் இருக்கிறது.

“தொண்ணூத்தாறு, அத்தை” என்றான்.

மாமியார் எழுந்தார். நேரே நடுவர்கள் மேசைக்குப் போனார். தராசு பின்னாலேயே ஓடினான். என் எண்ணிக்கை தொண்ணூற்றாறு, தாளில் நூறு என்று இருக்கிறது, திருத்திவிடுங்கள் என்று அவர் சொன்னதும், மேசையில் இருந்த அதிகாரிக்கு முதலில் விளங்கவேயில்லை. இந்த மேசைக்கு வந்து சண்டை போடுகிறவர்கள் எல்லாம் குறைத்து எண்ணிவிட்டீர்கள் என்றுதான் வருவார்கள், கூட எண்ணிவிட்டீர்கள் என்று சொல்ல ஒரு படிவமே கிடையாதே என்றார். நரைத்த தலை நடுவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார், மாமியாரைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

“உண்மைதான்மா. நாலு வரும். உங்க முகத்தைப் பார்த்ததும் மனசு கேக்கலை” என்றார்.

மாமியார் தராசைக் கைகாட்டினார். “இவருக்கும் இதே வியாதி இருந்துச்சு. இப்பதான் சரியாச்சு.”

நடுவர் சிரித்துவிட்டார். தாளில் நூறை அடித்துத் தொண்ணூற்றாறு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நிலைச் சான்றிதழ் மறுபடி உறைக்குள் போயிற்று. பங்கேற்றதற்கான காகிதம் ஒன்றைக் கொடுத்தார்கள். பெயர் சரியாக இருந்தது, எண்ணிக்கையும் சரியாக இருந்தது.

பெஞ்சுக்குத் திரும்பியபோது மகள் எரிமலையாக நின்றாள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, கணவனிடம்தான் பாய்ந்தாள். கேட்டால் நூறு என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, ஒரு நாளாவது மனிதனாக இருக்கத் தெரியாதா என்றாள்.

“அவரை விடுடி” என்றார் மாமியார். “நானும்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன். மேல நின்னுதா இல்லையான்னு என் கைக்குத் தெரியாதா? தொண்ணூத்தாறுதான்.”

“தெரிஞ்சுக்கிட்டே எதுக்கும்மா இவர்கிட்ட கேட்ட?”

மாமியார் காகிதத்தை மடிக்காமல் பைக்குள் வைக்க இடம் தேடினார்.

“இவர் நூறுன்னு சொல்லியிருந்தா, நான் ஒண்ணும் பேசாம அந்தச் சான்றிதழை வாங்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். மாப்பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல. ஆனா அதுக்கப்புறம் அந்தக் கொட்டகைக்கு வந்திருக்க மாட்டேன்.”

மகளின் கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை, திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். இந்த முறை பொடி விழுந்துவிட்டது என்றெல்லாம் சொல்லவில்லை. மாமனார் தன் கைக்குட்டையை எடுத்து மருமகனிடம் நீட்டினார்.

“அடுத்த போட்டி எப்ப மாப்பிள்ளை?” என்று கேட்டார் மாமியார்.

“நாலு மாசம் இருக்கு அத்தை.”

“நாலு எண்ணிக்கைக்கு நாலு மாசமா? அதிகம்தான்” என்று சொல்லிவிட்டு, அவர் காலணி நாடாவைக் கட்டக் குனிந்தார்.